சக்கரத்தைக் காக்கும் சிற்றாணி

ஆண்டுதோறும் தைப்பூசத்திற்கு முதல்நாள் ஜார்ஜ்டவுன் வீதிகளில் வெள்ளி இரதம் வலம் வருகிறது. நகரத்தார் சமூகத்தினர் 1894ஆம் ஆண்டு காரைக்குடியிலிருந்து தருவித்த இரதம் அது. வழிநெடுகிலும் தேங்காய் உடைத்து வழிபடும் மக்கள் முருகன் திருவுருவத்தையும் வெள்ளி வேலைப்பாட்டையும் கண்டு மகிழ்கின்றனர். கீழே உருளும் சக்கரங்களைக் கவனிப்போர் மிகச் சிலரே.

பழங்காலத் தேர்களிலும் மாட்டு வண்டிகளிலும் சக்கரம் கழன்று விடாமல் தடுத்தது அச்சின் முனையில் செருகப்பட்ட அச்சாணி. உருவத்தால் சிறியவர் என எவரையும் இகழக்கூடாது என்பதை விளக்க, திருவள்ளுவர் ‘வினைத்திட்பம்’ அதிகாரத்தில் இந்த அச்சாணியையே உவமையாக்கினார். அச்சாணி செய்த அதே காவல் பணியை இன்றைய மகிழுந்தில் சக்கர ஆணிகள் செய்கின்றன. பட்டறைகளில் இவற்றை ‘ஸ்டட்’ என்பார்கள். சிறிய மகிழுந்துகள் பலவற்றில் ஒரு சக்கரத்திற்கு நான்கு ஆணிகள் உள்ளன.

அச்சோடு சுழலும் நடுப்பகுதிக்குச் சக்கரக் குடம் என்று பெயர். பட்டறையில் அது ‘ஹப்’. ஆணியின் தலை குடத்தின் பின்புறம் இறுகப் பொருந்தியிருக்கும். அதன் மரையுள்ள பகுதி முன்புறம் நீண்டிருக்கும். அதில் சக்கரத்தை மாட்டி, நட்டால் முடுக்குவார்கள்.

சுவரில் அடித்த ஆணி பையைத் தாங்குவதுபோல், இந்த ஆணிகளும் மகிழுந்தின் எடையைத் தாங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நட்டை முடுக்கும்போது ஆணி மிக மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுத்த ரப்பர் வளையம் சுருங்க முயல்வதுபோல் அதுவும் சுருங்க முயல்கிறது. அந்த இழுவிசை சக்கரத்தைக் குடத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. சரியாக முடுக்கிய ஓர் ஆணி, ஏறத்தாழ 4 டன் எடைக்கு ஈடான விசையுடன் அழுத்தும். இந்த அழுத்தத்தால் ஏற்படும் உராய்வே சக்கரத்தை நகரவிடாமல் நிறுத்துகிறது.

நட்டு தளர்ந்தால் உராய்வு குறைகிறது. சக்கரம் குடத்தின்மேல் இலேசாக அசையத் தொடங்குகிறது. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஆணி வளைந்து நிமிர்கிறது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். சிறிய மகிழுந்தின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 1.8 மீட்டர் முன்னேறும். அப்படியானால், பாலத்தை ஒருமுறை கடப்பதற்குள் அது சுமார் 7,500 முறை சுழல்கிறது. தளர்ந்த ஆணியும் அத்தனை முறை வளைகிறது.

ஒரு கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. ஆனால், முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது முறிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842ஆம் ஆண்டு பிரான்சில், வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய தொடர்வண்டியின் இயந்திர அச்சு முறிந்ததால் பலர் உயிரிழந்தனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் தொடர்வண்டி அச்சுகளைப் பல்லாண்டுகள் சோதித்தார். ஒரே முறையில் உடைக்கப் போதாத சிறு விசையும், மீண்டும் மீண்டும் தாக்கினால் உலோகத்தை முறித்துவிடும் என அவர் நிறுவினார்.

நான்கு ஆணிகளுள் ஒன்று முறிந்தால் அதன் சுமை மற்ற மூன்றின்மேல் விழுகிறது. அவையும் ஏற்கெனவே சோர்ந்திருக்கலாம். ஆனால், அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, முறிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் அந்தச் சக்கரத்தின் ஆணிகள் அனைத்தையும் மாற்றுவதே பாதுகாப்பானது.

இப்பணியைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். மகிழுந்தைச் சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைப்பார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துவார். பிறகு ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துவார். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்வது உயிருக்கே ஆபத்து. சக்கரத்தையும் பிரேக் பாகங்களையும் கழற்றியபின் பழைய ஆணியைப் பின்புறமாக வெளியேற்றுவார். புதிய ஆணியின் கழுத்திலுள்ள வரிப்பற்களைக் குடத்தின் துளையோடு பொருத்தி, அதன் தலை பின்புறம் முழுமையாகப் படியும்வரை உள்ளே இழுப்பார். துளை தேய்ந்து ஆணி உள்ளேயே சுழன்றால், குடத்தையே மாற்ற வேண்டும்.

சக்கரத்தை மீண்டும் மாட்டுமுன் செய்ய வேண்டிய சிறு வேலை ஒன்று உண்டு. பினாங்கு கடல் சூழ்ந்த தீவு. உப்புக் காற்றும் மழையும் இரும்பை எளிதில் துருப்பிடிக்கச் செய்யும். குடத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே துரு இருந்தால், நட்டு இறுகியதுபோல் தோன்றும். மகிழுந்து ஓடும்போது அந்தத் துரு நொறுங்கி உதிரும். நட்டு தானே தளரும். எனவே, கம்பித் தூரிகையால் இரு பரப்புகளையும் தேய்த்துத் துடைக்க வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இந்த வேலையைத் தவிர்த்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. சாலைக்குத் தெரிந்துவிடும்.

நட்டுகளை வரிசையாக முடுக்காமல், எதிரெதிராக முடுக்கினால்தான் சக்கரம் சமமாகப் படியும். காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி முடுக்குவது பாதுகாப்பு என்று சிலர் நம்புகின்றனர். எல்லை மீறி இழுத்த ரப்பர் வளையம் பழைய நிலைக்குத் திரும்பாததுபோல், அளவுக்கு மீறி நீண்ட ஆணியும் பிடிப்பை இழக்கும். அதனால், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சைக் கொண்டு இறுதியாக முடுக்க வேண்டும். சிறிய மகிழுந்துகள் பலவற்றிற்கு அந்த அளவு சுமார் 100 நியூட்டன் மீட்டர். அதாவது, ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 10 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். துல்லியமான அளவு வாகனக் கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

வாகனம் பழுதுபார்க்கத் தெரியாதவர்களும் இதில் பங்காற்றலாம். ஒரு நட்டு காணாமற்போனது, நட்டைச் சுற்றித் துருக்கோடு படிந்தது, சக்கரத்தில் ‘டக் டக்’ என்ற ஒலி எழுந்தது, ஓட்டுநர் கையில் திசைமாற்றி அதிர்ந்தது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், பெற்றோரிடம் உடனே கூறி, வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தச் செய்ய வேண்டும். ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. வீடு பாலத்தின் மறுகரையில் இருந்தால், போகும் வழியிலேயே அந்த ஆணி இன்னும் 7,500 முறை வளையும்.