வாயில்லா உயிர்களும் காத்திருப்புக் கூடமும்

மனிதன் நோயுற்றால் தன் துன்பத்தைத் தானே எடுத்துரைப்பான். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று மருத்துவர் வினவினால் விடை கூறுவான். நாய்க்கும் பூனைக்கும் பசுவுக்கும் அவ்வாய்ப்பு இல்லை. அவற்றை வளர்ப்போரே அவற்றின் வாயாக இருந்து பேசுதல் வேண்டும். கால்நடை மருத்துவர் தொட்டும் ஆய்ந்தும் அறிவது ஒரு பாதி. உரியவர் சொல்லக் கேட்டு அறிவது மற்றொரு பாதி. அம்மற்றொரு பாதியைத் திரட்டிக்கொள்வதற்குத் தக்க இடம் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடமாகும். ஆயினும் நாம் அதனைப் பொழுது கழிக்கும் இடமாகவே எண்ணி வருகிறோம்.

தென்சென்னையிலுள்ள தரமணியை எடுத்துக்கொள்வோம். ஒருகாலத்தில் ஏரியும் சதுப்பு நிலமும் சூழ்ந்திருந்த அவ்வூரில், 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் வானளாவிய கட்டடங்கள் பல எழுந்தன. ஊர் மாறினாலும் தெருநாய்களும் மதிற்சுவர்மேல் உலவும் பூனைகளும் மறைந்துவிடவில்லை. அவற்றுள் ஒன்று நோயுற்றால், இரக்கமுள்ளோர் அதனை வேளச்சேரிச் சாலையிலுள்ள புளூ கிராஸ் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கின்றனர். வானூர்தி ஓட்டியாகிய கேப்டன் சுந்தரம் என்பவரால் தோற்றுவிக்கப்பட்ட அவ்வமைப்பு 1964ஆம் ஆண்டில் பதிவு பெற்றது. சிலர் நகரின் மறுகோடியிலுள்ள வேப்பேரிக்கும் செல்வர். அங்குள்ளது 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. எங்குச் சென்றாலும் மருத்துவரைக் காணுமுன் சிறிது நேரமேனும் காத்திருத்தல் வேண்டும். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் செய்யும் இடங்களில் கூட்டம் மிகுதல் இயல்பே.

அக்கூட்டத்தில் யார் யார் இருப்பர்? தடுப்பூசிக்காக வந்த நலமான நாய்க்குட்டி ஒன்று; அதன் அருகிலேயே வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகத் துவண்டு கிடக்கும் குட்டி ஒன்று. இரண்டும் ஒரே தரையில் படுத்திருக்கும். ஒன்றையொன்று முகரவும் செய்யும். இங்கேதான் பெருந்தீங்கு விளைகின்றது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ என்னும் நச்சுயிரி 1978ஆம் ஆண்டளவில் உலகுக்குத் தெரியவந்தது. இரண்டே ஆண்டுகளில் கண்டம் விட்டுக் கண்டம் பரவி எண்ணற்ற நாய்களை மாய்த்தது. நோயுற்ற நாயின் மலத்தில் வெளிப்படும் இந்நச்சுயிரி, மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் அழியாதிருக்கும். மனிதரின் காலணியில் ஒட்டிக்கொண்டும் வீடு வந்து சேரும். நோயைத் தடுக்க வந்த குட்டி, நோயை வாங்கிக்கொண்டு திரும்புமாயின் அதனினும் இரங்கத்தக்கது வேறு யாது?

ஆகவே கூடத்தைப் பயன்படுத்துவதில் முதற்பணி பிரித்து வைத்தலாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கழிச்சலும் இருமலும் உள்ளவற்றை வாயிலுக்கு வெளியே, மரநிழலிலோ கொட்டகையிலோ இருத்தலாம். முறை வந்ததும் பெயர் சொல்லி அழைக்கலாம். தடுப்பூசிகளை முடித்திராத குட்டியைத் தரையில் விடாமல் மடியில் வைத்துக்கொள்ளுதல் நன்று. குட்டி பிறந்த ஆறு முதல் எட்டு வாரங்களில் முதல் ஊசியும், பின்னர்ப் பதினாறு வாரங்கள் நிறையும்வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஊசிகளும் போடுவது வழக்கம். அவை முடியும்வரை அதற்கு முழுக்காப்பு இல்லை.

தரையைத் தூய்மை செய்வதிலும் அறிவு வேண்டும். நம் நாட்டில் தூய்மை என்றாலே பினாயில் மணக்க வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. பினாயில் வகையைச் சேர்ந்த மருந்துகள் பூனைகளுக்கு நஞ்சாகும். ஈரத்தரையில் நடந்த பூனை தன் பாதங்களை நக்கும்போது அந்நஞ்சு உட்செல்லும். பார்வோவையும் அம்மருந்துகள் உறுதியாக அழிப்பதில்லை. முதலில் மலத்தையும் அழுக்கையும் அறவே நீக்கிக் கழுவிய பின், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவித் துடைப்பதே பயன் தரும். அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து ஆற்றல் இழந்துவிடும்.

அடுத்து அச்சத்தைக் குறைத்தல். பூனைக்குக் கூடம் போர்க்களம் போன்றது. நாயின் குரைப்பும் புதிய மணமும் அதனை நடுங்கச் செய்யும். அச்சத்தால் பூனையின் இரத்தத்தில் சர்க்கரை உயர்வதுண்டு; நெஞ்சத்துடிப்பும் விரைவுபெறும். அந்நிலையில் எடுத்த சோதனையைக் கண்டு, நீரிழிவு உண்டோ என மருத்துவர் ஐயுறவும் நேரலாம். எனவே பூனையைக் கூடையில் வைத்துத் துணியால் மூடி, தரையில் வையாது உயரமான பலகைமேல் வைத்தல் வேண்டும். நாய்களுக்கு ஒரு பக்கமும் பூனைகளுக்கு ஒரு பக்கமுமாக இருக்கைகளைப் பிரித்து, நடுவே ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டாலும் போதும். சாக்குப்பையில் திணித்தும், கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டும் உயிர்களைக் கொண்டுவருவது கொடுமை மட்டுமன்று, குற்றமும் ஆகும். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத்தடுப்புச் சட்டம் அதனைத் தடை செய்கிறது. அச்சட்டம் தோன்றுவதற்குப் பாடுபட்டவர், தரமணிக்கு அண்மையிலுள்ள திருவான்மியூரில் விளங்கும் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ஆவார். நாட்டியக் கலையால் புகழ்பெற்ற அவர், 1962ஆம் ஆண்டில் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராகவும் பணியாற்றினார்.

பிரித்தும் அமைதிப்படுத்தியும் ஆயிற்று. இனி எஞ்சிய நேரத்தில் செய்யத்தக்கது யாது? கூடத்திலேயே ஓர் எடைப்பலகை இருக்குமாயின், காத்திருக்கும்போதே உயிரின் எடையைக் கண்டு குறித்துக்கொள்ளலாம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்ததன்றோ? ஒரு துண்டுத்தாளில் சில செய்திகளையும் எழுதிக்கொள்ளலாம். எப்பொழுதிலிருந்து உண்ணவில்லை, நீர் அருந்துகிறதா, சிறுநீரும் மலமும் எவ்வாறு உள்ளன, குடற்புழு மருந்து கடைசியாக எப்பொழுது கொடுக்கப்பட்டது, வீட்டில் எலி மருந்து வைத்திருந்தார்களா என்பனவே அவை. மருத்துவர் முன் நின்றவுடன் பலருக்கு நாவெழுவதில்லை. அல்லது தேவையற்ற கதை பெருகிவிடுகிறது. எழுத்தறியாப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால், பள்ளியில் பயிலும் சிறுவன் ஒருவன் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கலாம். வலிப்பு வரும் நாயைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்தவர் அதனை முன்னரே எடுத்து ஆயத்தமாக வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனையை அடையும்போது வலிப்பு நின்றிருக்கும். படம் மட்டுமே சான்றாகும்.

முறைச்சீட்டு நல்லதே. ஆனால் அது பொறுத்திருக்கக் கூடியவர்க்கே உரியது. வண்டியில் அடிபட்டது, பாம்பு தீண்டியது, வெயிலால் மயங்கியது, மூச்சுத் திணறுவது, சிறுநீர் கழிக்க முயன்றும் இயலாது தவிக்கும் ஆண்பூனை ஆகியவை வரிசையைக் கடந்து முன்செல்லல் வேண்டும். ஆண்பூனையைச் சொன்னதும் சிலர் வியக்கக்கூடும். சிறுநீர்த்தாரை அடைபட்டால் ஓரிரு நாளில் அது இறந்துவிடும். பார்வைக்கோ மலச்சிக்கல் போலவே தோன்றும். பின்னால் வந்தவர் முன்னே செல்வதைக் கண்டு சினங்கொள்வோர்க்கு இதனை எடுத்துச் சொல்ல ஒருவர் கூடத்தில் இருப்பாராயின், பூசல்கள் பல எழாமலே போகும்.

யாவற்றினும் எச்சரிக்கை வேண்டுவது வெறிநோயில். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும் நாயையோ பசுவையோ கண்டால், தொண்டையில் எலும்போ கிழங்கோ சிக்கியதென்று எண்ணி, வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர் உளர். அது வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அத்தகைய உயிரைக் கூட்டத்தினுள் கொண்டு செல்லாமல் வெளியிலேயே நிறுத்தி, மருத்துவருக்கு முதலில் செய்தி சொல்லுதல் வேண்டும். கூடத்தில் நாய் எவரையேனும் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் தடவுவது உதவாது. நோய் வெளிப்பட்டபின் அதனைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. வெளிப்படுமுன் தடுக்கும் மருந்தோ பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் ஒரு சிறுவனுக்கு ஊசியிட்ட நாள்முதல் உள்ளது. நம் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனம் 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதும் இந்நோயை எதிர்த்தே. இச்செய்திகளைப் பெரிய எழுத்தில், படங்களோடு, நல்ல தமிழில் எழுதிக் கூடத்தின் சுவரில் மாட்டலாம். காத்திருப்போர் கண்கள் எப்படியும் சுவரையே நோக்கும்.

மருத்துவரைக் கண்டு வெளிவந்த பின்னும் கூடத்தின் பயன் முடிவதில்லை. தடுப்பூசி போட்ட சில உயிர்களுக்கு முகம் வீங்குதலும் வாந்தியும் மயக்கமும் உண்டாவதுண்டு. அவற்றுள் கடுமையானவை பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் தோன்றிவிடும். அதுவரை மருத்துவர் அழைப்புக்கு எட்டும் தொலைவில் அமர்ந்திருந்து, பின்னரே வண்டி ஏறல் வேண்டும்.