நெஞ்சுவலிக்கு நாக்கடி மாத்திரை

தோட்டத் தோழர்களே! செம்பனைக் குலை தூக்கும்போது நெஞ்சு இறுகி, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறதா? "வாயுதானே" என்று சோடா குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இருதயத்துக்கு ரத்தம் பற்றவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள்.

டாக்டர் கொடுக்கும் ஜி.டி.என். மாத்திரை ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, இருதயத்தின் பாரத்தைக் குறைக்கும். வலி வந்ததும் வேலையை நிறுத்தி, உட்கார்ந்து, ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள், விழுங்கக்கூடாது. நின்றால் மயக்கம் வரும். தலைவலித்தால் பயம் வேண்டாம்.

5 நிமிடத்தில் வலி நிற்காவிட்டால் 999-ஐக் கூப்பிடுங்கள். காத்திருக்கையில் 5 நிமிடத்துக்கு ஒன்றாக, மொத்தம் 3 வரை வைக்கலாம். கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பாதீர்கள்.

தினமும் விழுங்கும் நைட்ரேட் மாத்திரை வேறு. அது வலி வராமல் தடுக்க. டாக்டர் சொன்ன நேரப்படி போடுங்கள். இடைவெளியில்லாமல் போட்டால் பலன் குறையும்.

ஜி.டி.என். மாத்திரையை அதன் கண்ணாடி பாட்டிலிலேயே இறுக மூடி வையுங்கள். திறந்து 8 வாரமானால் புதுசு கேளுங்கள்.

இன்னொன்று: வயாகராவோடு இந்த மருந்து சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். "ஆண்மைக் காப்பி" பாக்கெட்டுகளில் அதே மருந்து கள்ளத்தனமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. ஆகவே அதைத் தொடவே வேண்டாம். வீட்டுப் பெண்களும் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.