கையில் டி3100, கண்ணில் டி7200: எப்போது மாறலாம்?

கல்யாண போட்டோகிராபியில் காலூன்றப் பார்க்கும் இளைஞர்கள் பலரின் கையில் இருப்பது பழைய என்ட்ரி லெவல் டிஎஸ்எல்ஆர்தான். காலேஜ் படிக்கும்போது வீட்டில் வாங்கித் தந்தது, அல்லது நண்பரிடம் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. நல்ல உதாரணம் 2010-ல் வந்த நிக்கான் டி3100. இவர்கள் கண் வைத்திருப்பது 2015-ல் வந்த டி7200 போன்ற அட்வான்ஸ்டு பாடி மீது. இரண்டுக்கும் நடுவே ஐந்து வருடம் மட்டும் இல்லை, ஒரு கிளாஸ் வித்தியாசமே இருக்கிறது. மாறுவதா வேண்டாமா என்பதை யூடியூப் ரிவ்யூ பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த சீசனில் எந்த வேலைக்கு உங்களைக் கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

1. மெகாபிக்ஸல் கணக்கை முதலில் முடித்துவிடுங்கள்

டி3100-ல் 14.2 மெகாபிக்ஸல். டி7200-ல் 24.2. கேட்க மலைப்பாக இருக்கும். இப்போது 12×36 ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்தால் 36 இன்ச், ஒரு பக்கம் 12×18. டி3100 படத்தின் அகலம் 4608 பிக்ஸல். அதை ஒரு பக்கம் முழுக்கப் போட்டால் இன்ச்சுக்கு 256 பிக்ஸல் கிடைக்கிறது. டி7200-ன் 6000 பிக்ஸல் 333 தருகிறது. மடியில் வைத்து ஆல்பம் புரட்டுகிறவர்களுக்கு 256 தாராளம். க்ராப் செய்யும்போதுதான் பழைய கேமரா திணறும். ஆகவே டி3100 வைத்திருப்பவர் ஃபிரேமை எடுக்கும்போதே கச்சிதமாக வைக்கப் பழக வேண்டும், இரண்டடி முன்னால் போய் நிற்க வேண்டும். இந்தப் பழக்கம் பாடி மாறிய பிறகும் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும்.

2. பாடிக்கு முன் லென்ஸ்

கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு, ரிசப்ஷன் படம் இருட்டடிக்கிறது, பாடியை மாற்ற வேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 18-55 லென்ஸ் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே ஐஎஸ்ஓ-வில் 1/30 என்று நின்ற ஷட்டர் 1/250-ஐத் தாண்டிவிடும். நடுங்கிய படம் உறைந்து நிற்கும். லென்ஸை அப்படியே வைத்துக்கொண்டு பாடியை மட்டும் மாற்றினால் இவ்வளவு லாபம் கிடைக்காது. செலவும் பல மடங்கு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டி3100-ன் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி வகை 50 மி.மீ. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால் ஃபோகஸ் திருப்ப வேண்டியிருக்கும். டி7200-ல் மோட்டார் உண்டு, அந்த லென்ஸும் வேலை செய்யும். ஆனாலும் ஏஎஃப்-எஸ் வகையையே வாங்குங்கள். இரண்டு பாடியிலும் ஓடும். நாளை நிக்கானின் இசட் மிரர்லெஸ் பக்கம் போனாலும் எஃப்டிஇசட் அடாப்டரில் அதன் ஆட்டோஃபோகஸ் உயிரோடு இருக்கும். ஏஎஃப்-டி லென்ஸுக்கு அங்கே ஆட்டோஃபோகஸ் கிடையாது.

3. கெட்டிமேளம் ஒலிக்கும் சில நொடிகள்

புதிய பாடிக்குக் கொடுக்கிற காசு நியாயமாவது இங்கேதான். தாலி கட்டும் நேரத்தில் என்ன நடக்கிறது? மணமகள் தலை குனிந்திருக்கிறாள். மாப்பிள்ளை குனிந்து முன்னால் வருகிறார். நாத்தனார் கை குறுக்கே வருகிறது. அட்சதை லென்ஸுக்கு முன்னால் பறக்கிறது. மூன்று முடிச்சு விழுந்துவிட்டால் ரீடேக் இல்லை.

டி3100-ல் 11 ஃபோகஸ் பாயிண்ட். அதில் நடுவில் உள்ள ஒன்று மட்டுமே கிராஸ் டைப். மங்கிய வெளிச்சத்தில் ஓரத்துப் பாயிண்ட்டுகள் தேடிக்கொண்டே இருக்கும். டி7200-ல் 51 பாயிண்ட், அதில் 15 கிராஸ் டைப். ஃபோகஸ் வேலை செய்யும் குறைந்தபட்ச வெளிச்சத்தை டி3100-க்கு மைனஸ் 1 இவி என்றும் டி7200-க்கு மைனஸ் 3 இவி என்றும் நிக்கான் குறிப்பிடுகிறது. அதாவது நான்கில் ஒரு பங்கு வெளிச்சத்திலும் புதியது பிடித்துவிடும். மேடையில் நீலமும் ஊதாவுமாக எல்இடி போடுகிற ரிசப்ஷன்களில் இந்த வித்தியாசம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தொடர்ந்து எடுக்கும் வேகம் நொடிக்கு 3, எதிரே 6. குறுக்கே கை வராத ஒரு ஃபிரேம் சிக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. ஆனால் ஃபிளாஷ் போட்டு எடுக்கும் டிரெடிஷனல் போட்டோகிராபருக்கு இந்த எண் அவ்வளவு உதவாது, ஃபிளாஷ் அந்த வேகத்தில் சார்ஜ் ஏறாது. வீடியோ லைட்டை நம்பி ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும் கேண்டிட் ஆட்களுக்குத்தான் லாபம். உங்கள் வேலை எது என்று தெரிந்துகொண்டு காசு கொடுங்கள்.

விளம்பரங்கள் அதிகம் பேசாத விஷயம் டயல். டி3100-ல் ஒரே டயல். மேனுவலில் அப்பர்ச்சர் மாற்ற இன்னொரு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். டி7200-ல் ஷட்டருக்கு ஒன்று, அப்பர்ச்சருக்கு ஒன்று. அதோடு யூ1, யூ2 என்று இரண்டு செட்டிங்கைச் சேமித்து வைக்கலாம். மேடைக்கு ஒன்று, மண்டப வாசலுக்கு ஒன்று. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் வேலை நடக்கும். என் கணக்கில் பத்து மெகாபிக்ஸலைவிட இந்த இரண்டாவது டயல் மதிப்பு மிக்கது.

அதுவரை டி3100-ஐ வைத்துச் சமாளிப்பது எப்படி? நடு பாயிண்ட்டை மட்டும் வையுங்கள். மணமகளின் நெற்றிப் பொட்டின் ஓரத்தில் ஃபோகஸைப் பூட்டுங்கள், அங்கே கான்ட்ராஸ்ட் அதிகம், கண்ணுக்கும் அதற்கும் தூர வித்தியாசம் மிகக் குறைவு. எஃப்என் பட்டனுக்கு ஐஎஸ்ஓ-வைக் கொடுத்துவிடுங்கள். சாதாரண வரம்பு 3200 வரைதான். தயங்காமல் அதுவரை ஏற்றுங்கள், ரா-வில் எடுங்கள். டி7200-ல் 25600 வரை இருக்கிறது, ஆனால் ஆல்பத்துக்கு 6400-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

4. மெயின் ஆளாகக் கையெழுத்துப் போடும் நாள்

செகண்ட் ஷூட்டராக இருக்கும்வரை உங்கள் கார்டு பழுதானால் மெயின் போட்டோகிராபரின் படங்கள் காப்பாற்றும். உங்கள் பெயரில் அட்வான்ஸ் வாங்கிய அன்றே அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. டி3100-ல் ஒரு கார்டுக்குத்தான் இடம். டி7200-ல் இரண்டு. ஒரே படத்தை இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வைக்கலாம். ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் முழுவதும் ஒரே ஒரு கார்டை நம்பி இருக்கக் கூடாது. தனியாக ஆர்டர் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே பாடியை மாற்றுங்கள். வேறு எந்த ஸ்பெக்கையும் இதற்குச் சமமாக நான் வைக்கமாட்டேன்.

புதியது எல்லாம் உங்களுக்கு மேல் என்றும் நினைக்க வேண்டாம். 2017-ல் வந்த டி7500 நொடிக்கு 8 படம் எடுக்கும், 4கே வீடியோ தரும். ஆனால் அதில் கார்டு ஸ்லாட்டை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். கல்யாண வேலைக்கு நான் டி7200-ஐத்தான் சொல்வேன்.

5. சில்லறை விஷயங்கள், ஆனால் சம்பளத்தைத் தொடுபவை

டி3100-ல் வெளி மைக் சொருக வழியில்லை. டி7200-ல் மைக், ஹெட்போன் இரண்டும் உண்டு. வீடியோ வேலையும் எடுக்கப் பார்க்கிறீர்கள் என்றால் அந்த முடிவு இங்கேயே ஆகிவிடுகிறது. ஒரு சார்ஜில் ஸ்டாண்டர்டு டெஸ்ட் கணக்குப்படி டி3100 சுமார் 550 படம், டி7200 சுமார் 1110. டி3100 ஆட்கள் பையில் இரண்டு எக்ஸ்ட்ரா பேட்டரி இருக்கட்டும். டி7200-ல் வைஃபை இருக்கிறது. இல்லாதவர்கள் போனில் சொருகும் கார்டு ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதே மூன்று நல்ல படங்களை மணமகள் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்த மூன்றும் சொந்தக்காரர்கள் போனுக்கெல்லாம் போகும். அடுத்த என்கொயரி பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது.

6. மெயின் போட்டோகிராபர் உங்களிடம் எதைப் பார்க்கிறார்

அவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த பாடி வைத்திருக்கிறாய் என்பதுதான். பதில் சொல்லும்போது கூச்சப்படாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். டி3100 என்று சொல்லிவிட்டு, அதே கேமராவில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த பத்து மண்டபப் படங்களைக் காட்டுங்கள். போட்டிக்கு நிற்பவர் டி7200 வைத்துக்கொண்டு பூவும் பறவையும் காட்டினால் வேலை உங்களுக்கு வரும். அவர் நிக்கான் ஆள் என்றால் இன்னும் நல்லது, அவருடைய லென்ஸை உங்கள் பாடியில் மாட்டிக் கொடுக்க அவருக்குத் தயக்கம் இருக்காது.

வேலைக்குப் போனதும் அவர் கேமராவின் கடிகாரத்தோடு உங்கள் கடிகாரத்தை நொடி பிசகாமல் பொருத்துங்கள். நேரம் பொருந்தாத இரண்டு கேமராவின் படங்களை வரிசைப்படுத்துகிற எடிட்டருக்கு அது தலைவலி. தலைவலி கொடுக்காத ஆளை அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

7. வாங்குவதற்கு முன்

2020 பிப்ரவரியில் அறிவித்த டி6-க்குப் பிறகு நிக்கான் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் அறிவிக்கவில்லை. கம்பெனியின் கவனம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. அதனால் பலர் தங்கள் டிஎஸ்எல்ஆரை விற்றுவிட்டு நகர்கிறார்கள். வாங்குபவருக்கு இது நல்ல நேரம். ஆனால் நாளை நல்ல விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சம்பாதித்துத் தீர்த்துவிட வேண்டிய கருவி இது.

செகண்ட் ஹேண்டில் எடுத்தால் ஒரு படத்தை எடுத்து அதன் எக்ஸிஃப் தகவலில் ஷட்டர் கவுண்ட் பாருங்கள். டி7200-ன் ஷட்டரை 1,50,000 முறை வரை சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு எழுதிப் பாருங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் எடுத்து சென்ஸாரில் புள்ளிகள் தெரிகிறதா என்று பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒரு ரிசப்ஷனில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்கள் மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை, அந்த மாதம் உங்களுக்கு ஓய்வாக இருக்கும். அப்போது வாங்கி, தினமும் வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் பழகி, இரண்டு டயலும் விரலுக்குப் படியும்வரை எடுங்கள். தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுக்கிறவர், புதுப் பாடியை மண்டபத்தில் வைத்துக் கற்றுக்கொள்ளக் கூடாது.