ஆட்டுக்கு முன்னே புல்

தாராபுரம் பக்கம் செம்மறி வளர்க்க வரும் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை ஆடு வாங்கலாங்க?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கொறங்காட்டில் எத்தனை மாதத்துக்குப் புல் இருக்கு, கண்ணு?" கொறங்காடு என்றால் எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர்களுக்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

1. மழை பெய்து காடு பச்சையாகக் கிடக்கும்போது ஆட்டுக் கணக்குப் போடாதே. பங்குனி, சித்திரையில் எத்தனை வயிறு நிறையுமோ அத்தனை ஆடுதான் உன் பட்டி. 30 கிலோ ஆடு நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ பசுந்தீவனம் தின்னும். காய்ந்ததென்றால் 1 கிலோ.

2. கொறங்காட்டைக் கிளுவை வேலியால் பாகம் பிரித்து, மாற்றி மாற்றி மேய விடு. கொழுக்கட்டைப்புல் நான்கு விரல் உயரத்துக்கு வந்ததும் ஆட்டை அடுத்த பாகத்துக்கு ஓட்டிவிடு. தூர் மிஞ்சினால்தான் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். ஆண்டுக்கு ஒரு பாகமாவது விதை முற்றி உதிரும்வரை ஆடு படாமல் கிடக்கட்டும்.

3. வெள்வேல மரத்தை விறகுக்கு வெட்டாதே. உச்சி வெயிலுக்கு நிழல் அதுதான். புல் காய்ந்துபோன கோடையில் அதன் காய்தான் தீனி.

4. மழைக்காலத்தில் பனி உலர்ந்த பிறகே பட்டியைத் திற. ஈரப் புல்லின் நுனிக்குக் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஏறியிருக்கும்.

5. முதல் மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லில் பசித்த ஆட்டை அவிழ்த்துவிடாதே. கடலைக்கொடியோ சோளத்தட்டோ கொஞ்சம் தின்னக் கொடுத்துவிட்டு, முதல் வாரம் சிறிது நேரமே மேயவிடு. வயிறு புடைக்கத் தின்ற கொழுத்த குட்டியைத்தான் துள்ளுமாரி நோய் முதலில் அடிக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடு. விருந்தில் மிஞ்சிய சோற்றைக் கொட்டுவதும் ஆபத்து. வயிறு புளித்து ஆடு சாகும்.

6. பூக்காத சோளத்தை நம்பாதே. ஒரு வறட்சி ஆண்டில், அறுத்த சோளக் காட்டில் வாடி நின்ற மறுதாம்பைப் பச்சை என்று எண்ணி ஆடுகளை விட்டேன். அரை மணி நேரத்தில் ஏழு ஆடுகள் மூச்சுத் திணறி விழுந்தன, அவற்றில் இரண்டு சினையாடுகள். இளஞ்சோளத்திலும் வாடிய சோளத்திலும் நஞ்சு ஏறி நிற்கும். அந்தக் காலை இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. உனக்கு அது நேரக்கூடாது.

7. சினை 5 மாதம். கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும். தாயின் இரைப்பைக்கோ இடம் குறையும். அப்போது தினம் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடு. ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் குட்டி சீம்பால் குடித்ததா என்று நீயே நின்று பார்.

8. மாட்டுக்கு வாங்கிய தாது உப்பைச் செம்மறிக்கு வைக்காதே. அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று கொன்றுவிடும்.

9. சாயங்காலம் பட்டியை அடைக்கும்போது ஒவ்வொரு ஆட்டுக்கும் இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியைப் பார். நிறைந்திருந்தால் படுத்து அசைபோடும். ஒன்றிரண்டில் பள்ளம் தெரிந்தால் அந்த ஆட்டுக்கு நோவு. எல்லாவற்றிலும் தெரிந்தால் குறை காட்டில். மறுநாள் ஆட்டை ஓட்டுவதற்கு முன் நீ போய்ப் புல்லைப் பார்த்துவிட்டு வா, கண்ணு.