மக்காச்சோள விளைவை அறுவடைக்கு முன் மதிப்பிடும் முறை

பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்களில் கேழ்வரகுடன் மக்காச்சோளமும் மானாவாரியாகப் பயிராகிறது. கதிர் களத்திற்கு வருமுன்பே விளைவை ஓரளவு அறிந்தால், சாக்கு, வண்டி, சேமிப்பிடம் ஆகியவற்றை விவசாயி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

முற்காலத்தில் வருவாய்த் துறையினர் பயிரைக் கண்ணால் பார்த்து, இத்தனை அணா விளைவு என்று எழுதி வந்தனர். 1923 முதல் 1925 வரை ஹப்பக் என்பவர் பீகார், ஒரிஸ்ஸா பகுதியில் நெல் வயல்களிலே குறிப்பின்றித் தெரிந்தெடுத்த சிறு பாத்திகளை அறுத்து எடைபோட்டார். பின்னர் 1940-களில் டாக்டர் பி. வி. சுகாத்மே பயிர் அறுவடைச் சோதனை முறையை நாட்டில் நிலைபெறச் செய்தார். பாத்தி மிகச் சிறிதாயின், எல்லையோரச் செடிகள் உள்ளே சேர்க்கப்பட்டு, விளைவு மிகையாகத் தோன்றும் என்பதையும் அவர் காட்டினார்.

அறுவடைக்கு முன் மதிப்பிடும் முறை வருமாறு:

1. பால் பருவம் கடந்து மணிகள் உறுதியானபின் வயலுக்குச் செல்லவேண்டும்.

2. வரிசையையும், தொடங்கும் இடத்தையும் சீட்டெடுத்து முடிவு செய்யவேண்டும்.

3. வரிசை இடைவெளி 60 சென்டிமீட்டராயின், ஒரே வரிசையில் 16 மீட்டர் 67 சென்டிமீட்டர் நீளம் 10 சதுர மீட்டருக்குச் சமம். அந்நீளத்தில் மணி பிடித்த கதிர்களை எண்ணவேண்டும்.

4. ஒவ்வொரு பத்தாவது கதிரிலும் மணிவரிசைகளையும், ஒரு வரிசையிலுள்ள மணிகளையும் எண்ணிச் சராசரி காணவேண்டும். மணிவரிசைகள் எப்போதும் இரட்டைப்படையாகவே அமையும். ஒற்றைப்படை வந்தால் மீண்டும் எண்ணுக.

5. குறைந்தது ஐந்து இடங்களில் இவ்வாறு செய்யவேண்டும்.

உதாரணமாக, 52 கதிர்கள், கதிருக்கு 14 வரிசைகள், வரிசைக்கு 30 மணிகள் எனக் கொள்வோம். மொத்தம் 21,840 மணிகள். உலர்ந்த ஆயிரம் மணிகளின் எடை 250 கிராமாயின், 10 சதுர மீட்டரில் 5.46 கிலோகிராம், ஹெக்டேருக்கு 5,460 கிலோகிராம்.

இனி, எண்ணுபவர் கண்ணுக்கு அழகான கதிர்களையே பறித்து, வரிசைக்கு 35 மணிகள் என்று குறித்தால், விளைவு 6,370 கிலோகிராமாகிவிடும். இல்லாத 910 கிலோகிராம் தானியம் ஏட்டில் மட்டும் விளைந்துவிடுகிறது! மழை பொய்த்து மணி சிறுத்து, ஆயிரம் மணிகளின் எடை 200 கிராமாகக் குறைந்தாலோ, உண்மை விளைவு 4,368 கிலோகிராமே. ஆகையால் மணியின் அடியில் கருநிறப் படலம் தோன்றும்வரை எந்த மதிப்பீடும் உத்தேசமானதே.

இவ்வெச்சரிக்கை வெறும் கணக்குப் பாடம் அன்று. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைவு குறித்த அளவுக்குக் கீழே இறங்கும்போது இழப்பீடு கணக்கிடப்படுகிறது. அதற்குரிய அறுவடைச் சோதனையிலும் பாத்தியைத் தெரிந்தெடுப்பதில் இதே நேர்மை தேவை. செழித்த மூலையில் கயிறு கட்டினால், வாடிய வயலுக்குரியவர் அனைவரும் நஷ்டமடைவர்.

ஆசிரியர்கள் மாணவரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு விரும்பிய கதிர்களையும், மற்றது ஒவ்வொரு பத்தாவது கதிரையும் எண்ணும்படி செய்யலாம். இரு விடைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால், குறிப்பின்றித் தெரிந்தெடுத்தலின் பயன் எளிதில் விளங்கும்.