துருக்கிக் கடையில் கோப்பியும் இனிப்பும்: சீனி வருத்தம் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியவை



வட இலண்டனில் ஹரிங்கே பகுதியிலுள்ள கிறீன் லேன்ஸ் வீதியால் நடந்தால் வரிசையாகத் துருக்கிக் கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் பக்லாவா தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். "டொக்டர், எனக்குச் சீனி வருத்தம். பிள்ளைகள் அந்தக் கடைக்குக் கூப்பிடுகினம், போகலாமோ?" என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். வீட்டிற்குள்ளேயே அடைந்து கிடக்கும் வயதானவர்களுக்கு நாலு பேருடன் வெளியே போய் இருந்து கதைப்பதும் மருந்துதான். ஆனால் எதைக் கேட்பது, எவ்வளவு சாப்பிடுவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

எங்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

இரண்டாம் வகை நீரிழிவு, தெற்காசியர்களாகிய எங்களுக்கு வெள்ளையர்களைவிட இளவயதிலும் குறைந்த உடல் நிறையிலும் வருகிறது. பார்வைக்கு மெலிந்தவராக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்திருக்கலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டினால் கவனம் தேவை. எச்.பி.ஏ.1சி என்ற இரத்தப் பரிசோதனையில் 42 முதல் 47 வரை வந்தால் நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள். 48 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு.

இனிப்புக்குள் என்ன இருக்கிறது?

பக்லாவா என்பது தாள் போன்ற மெல்லிய மா அடுக்குகள், உருக்கிய வெண்ணெய், பிஸ்தா அல்லது வால்நட், மேலே ஊற்றிய சீனிப்பாகு. லோக்கும் முழுக்க முழுக்கச் சீனியும் மாப்பொருளும். எங்கள் மஸ்கற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். கூனெஃபே என்பது சூடான பாற்கட்டியும் மா இழைகளும் பாகும் சேர்ந்தது. அதில் ஒரு தட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கிட்டவான கலோரியைத் தரும்.

"பிஸ்தா உடம்புக்கு நல்லதுதானே?" என்பார்கள். வெறும் பிஸ்தா நல்லது. பாகிலும் வெண்ணெயிலும் ஊறிய பிஸ்தாவின் கணக்கு வேறு. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு எடுக்கக்கூடிய சேர்த்த சீனி 30 கிராமுக்கு மேற்படக்கூடாது என்பது பிரித்தானியச் சுகாதார ஆலோசனை. அது ஏறக்குறைய ஏழு சீனிக்கட்டி. இரண்டு, மூன்று துண்டு பக்லாவாவிலேயே அதில் பெரும்பங்கு முடிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். கடையில் இருந்து சாப்பிடும் ஒரு துண்டைவிட, வரும்போது வாங்கிவரும் ஒரு கிலோப் பெட்டிதான் பெரிய கேடு. கடையில் நாலு பேர் பார்க்க ஒரு துண்டுடன் நிறுத்துவோம். வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் பெட்டி திறந்திருந்தால் கை தானாகப் போகும்.

கோப்பி கேட்கும் முறை

துருக்கிக் கோப்பியில் தூள், தண்ணீர், சீனி மூன்றையும் நீண்ட பிடியுள்ள சிறிய பாத்திரத்தில் ஒன்றாகவே காய்ச்சுவார்கள். கோப்பை மேசைக்கு வந்த பிறகு "சீனி வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை. முதலிலேயே சொல்ல வேண்டும். சீனி இல்லாததற்கு "சாதே", கொஞ்சமாகப் போட்டதற்கு "அஸ் ஷெகெர்லி", நடுத்தரத்திற்கு "ஓர்த்தா" என்பார்கள். "சாதே" எங்கள் "சாதா"வின் உறவுச் சொல்தான், மறக்காது.

வடிகட்டாத கோப்பியிலுள்ள கஃபெஸ்டோல் என்ற பொருள் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். இடைக்கிடை ஒரு கோப்பை குடித்தால் பிரச்சினை இல்லை. தினமும் பல கோப்பை குடிப்பவர்கள் கடதாசி வடியில் வடித்த கோப்பிக்கு மாறுவது நல்லது. கர்ப்பிணிகள் தேநீர், கோலா எல்லாவற்றையும் சேர்த்து நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் எடுக்கக்கூடாது. தைரொயிட் குளிசையோ இரும்புச்சத்துக் குளிசையோ எடுப்பவர்கள் அதைக் கோப்பி, தேநீருடன் விழுங்கக்கூடாது. குளிசை உடம்பில் சரியாகச் சேராது.

துருக்கித் தேநீர் பாலில்லாமல் சிறிய கண்ணாடிக் குவளையில் வரும். சீனிக்கட்டி பக்கத்தில் தனியாக இருக்கும். போடாமல் விட உங்களால் முடியும்.

ஆபத்தான இடம்

"பின்னேரம் இனிப்புச் சாப்பிடப் போகிறேன்" என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுபவர்கள் உண்டு. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் இதைச் செய்யவே கூடாது. இரத்தச் சீனி 4 இற்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வரும். அப்போது பக்லாவாவைக் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு, சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒரு சிறிய குவளை பழச்சாறு அல்லது ஐந்து குளுக்கோஸ் குளிசை கொடுத்து, 10 முதல் 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999 ஐ அழையுங்கள். இதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கஜு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பலருக்குப் பிஸ்தாவும் ஒவ்வாது. ஒரே தட்டில், ஒரே கரண்டியில் எல்லா இனிப்பும் புழங்குவதால் கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள்.

நினைவில் வைத்திருக்க:

1. வழக்கமான சாப்பாட்டையும் மருந்தையும் நேரத்திற்கு எடுங்கள்.
2. ஒரு துண்டு போதும். கூனெஃபே என்றால் மூன்று, நான்கு பேர் பகிருங்கள்.
3. கோப்பி "சாதே", தேநீர் சீனியில்லாமல்.
4. பெட்டி வாங்கினால் சிறியதாக வாங்கி, அன்றே உறவினருடன் பகிருங்கள்.
5. சாப்பிட்டபின் அரைமணி நேரம் நடந்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஒரு கோப்பை கோப்பிக்கு நாற்பது வருட நினைவு உண்டு என்பது துருக்கியர் பழமொழி. அந்த நாற்பது வருடமும் கண்ணும் காலும் சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களில் நீரிழிவு, இருதய நோய் போன்றவை ஏற்கெனவே இல்லாதோருக்கு ஐந்து வருடத்திற்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் வந்தால் மேசையில் போட்டு வைக்காதீர்கள். கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள் என்று நினைவில்லாவிட்டால், இந்த வாரமே உங்கள் குடும்ப வைத்தியரை அழைத்துக் கேளுங்கள்.