ஆயில் எங்கயிருந்து வருது?

போன எபிசோட்ல பாதியில விட்ட கதை. அப்பாவின் பழைய காருக்கு அடியில் தினமும் ஒரு ஆயில் பொட்டு. "ரியர் மெயின் சீல் போயிட்டுது, கியர்பாக்ஸைக் கழட்டணும்" என்றார் கராஜ்காரர். காரின் பெறுமதிக்கு மேல செலவு. அப்பா ஸ்கிராப்புக்குக் குடுக்க ரெடி.

நான் டிகிரீஸர் போட்டு எஞ்சினைக் கழுவினேன். ஆயிலில் யூவி டை கலந்து இரண்டு நாள் ஓட்டி, இருட்டில் யூவி டார்ச் அடித்தேன். சொட்டுற இடத்தைப் பார்க்காதீங்க. ஈரம் தொடங்குற மேல் இடத்தைத் தேடுங்க. ஆயில் கீழே வழியும், ஓடும்போது காற்று பின்னால தள்ளும். வால்வ் கவர் காஸ்கெட்டின் பின்மூலை பளிச்சென்று மின்னியது.

மாற்றினேன். மூன்று வாரத்தில் மறுபடி பொட்டு! எஞ்சின் மூச்சு விடுற பிசிவி வால்வ் அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளியிருக்கு. அதையும் மாற்றியாச்சு. அப்பா இன்னும் கார்ட்போர்ட் விரித்துத்தான் நிறுத்துறார்.